நான்கு சீசாக்களும் என் மனைவியின் மூக்கும்

வாசனையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நான் இறுமாந்து திரிந்த காலம் உண்டு. பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் ஓர் அத்தர் கடையில் நின்றவன். உள்ளே நுழைகிறவரின் நடையைப் பார்த்தே அவருக்கு ஊது என்கிற அகிலா, கஸ்தூரியா, ரோஜாவா என்று சீசாவை எடுத்து நீட்டிவிடுவேன். ஊருக்கு, புதுமடத்துக்கு, திரும்பி வந்த பிறகும் ஜும்ஆவுக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னச் சீசா இருக்கும். பக்கத்தில் உட்காருகிறவரின் புறங்கையில் ஒரு கீற்று இழுத்துவிடாமல் எனக்குத் தொழுகையே நிறைவாகாது. இப்படிப்பட்டவனைத்தான் நாலே நாலு சீசாக்கள் சேர்ந்து ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தன.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் மனைவியின் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் எந்த வீட்டு விசேஷம் என்றாலும் நெய்ச்சோறு வடிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். நோன்பு மாதத்தில் அவள் திறமை இன்னும் ஓங்கித் தெரியும். நோன்பு வைத்துக்கொண்டு வாயில் வைத்துப் பார்க்க முடியாதல்லவா? மற்ற பெண்கள் குத்துமதிப்பாக உப்புப் போட்டுவிட்டு நோன்பு திறக்கும்வரை படபடப்போடு இருப்பார்கள். இவள் கஞ்சிப் பானையின் மூடியைத் திறந்து ஆவியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "உப்பு ஒரு கை கொறையுது" என்பாள். கொறையும். பக்கத்து வீடுகளிலிருந்து பானையோடு வந்து இவளை முகர்ந்து பார்க்கச் சொல்லிப் போவார்கள்.

அந்த மூக்கு எனக்கு எமனாகவும் இருந்தது. கடையில் நின்ற வருஷங்களில் சிகரெட் என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: ஒன்று சிகரெட், இல்லாவிட்டால் இந்த வீடு. கிராம்பை மென்று பார்த்தேன், பல் தேய்த்துப் பார்த்தேன், அத்தரைப் பூசிக்கொண்டும் வந்து பார்த்தேன். தெருமுனையில் ஊதியதை வாசலில் கண்டுபிடித்துவிடுவாள். வேறு வழியில்லாமல் விட்டேன்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்து எழுந்தவளுக்கு உடம்பு தேறிவிட்டது, மூக்கு மட்டும் தேறவில்லை. முதலில் சளி என்று நினைத்தோம். ஒரு காலை, நான் சுபுஹு தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், கேஸ் வாடை முகத்தில் அறைகிறது. இவள் அடுப்புக்கு நேர் முன்னால் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறாள். அடுப்பின் திருகு திறந்து கிடக்கிறது. ஓடிப்போய் மூடினேன், சன்னல்களைத் திறந்தேன், அவளைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தேன். அப்போதுதான் அவளுக்கே விளங்கியது.

"மச்சான், எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒரு பொட்டு வாடைகூடத் தெரியல" என்றாள். அன்றிலிருந்து அடுப்படியை விட்டு ஒதுங்கினாள். விசேஷ வீட்டுக்காரர்கள் வந்தால் இடுப்புவலி என்று சொல்லி அனுப்பினாள். சாப்பாடும் இறங்கவில்லை. மீனைத் தின்றாலும் சக்கையைத் திங்கிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவைத்தாள். "வாற நோம்பு மாசத்துக்குள்ள எனக்கு மூக்கு வந்துறணும். கஞ்சிப் பானைய முகராம நான் என்ன நோம்பு தொறக்க?" என்று ஒருநாள் கேட்டாள். 

இங்கே ஓர் அசிங்கமான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவள் மூக்கு போய் இரண்டாவது மாதம், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரைக்குப் போனவன், கரையேற்றி வைத்திருந்த வள்ளங்களுக்குப் பின்னால் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். வீட்டுக்கு வந்தேன். அவள் டீ கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் போனேன். ஸ்கூட்டரின் முன்பெட்டியில் ஒரு பாக்கெட் நிரந்தரமாகக் குடியேறியது. ஐந்து வேளையும் அவள் மூக்கு திரும்ப வேண்டும் என்று கையேந்தி துஆ கேட்டேன், அது பொய்யில்லை. கேட்டுவிட்டு வள்ளத்துக்குப் பின்னால் போனேன், அதுவும் பொய்யில்லை. மனுஷன் இப்படியும் இருக்கிறான், என்ன செய்ய?

ராமநாதபுரத்தில் காது மூக்கு தொண்டை பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மூக்கினுள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மாத்திரை ஏதும் எழுதாமல் அவர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வாசனைதான் வைத்தியமாம்! ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நான்கு தாவர எண்ணெய்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் அரை நிமிஷத்துக்குக் கிட்ட மெதுவாக முகர வேண்டும். முகரும்போது அந்தப் பொருளை மனசுக்குள் கொண்டுவர வேண்டும். மூக்குக்குத் தேகப்பயிற்சி மாதிரி. மாதக் கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம்.

"வராமலும் போகலாம்" என்பது என் காதில் ஏறவேயில்லை. என் தொழில் அய்யா இது! உலகத்தில் இருக்கிற அத்தனை வைத்தியத்தையும் விட்டுவிட்டு அல்லாஹ் என் வீட்டுக்கு வாசனையை வைத்தியமாக அனுப்பியிருக்கிறான். டாக்டரம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாம் எனக்குத் தெரியும்மா, நான் அத்தர்காரன்" என்று சொல்லிவிட்டு மனைவியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு கடை ஏறி இறங்கி நாலு சீசாவையும் வாங்கி முடிக்கும்வரை காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் போலத்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளை முற்றத்தில் உட்கார வைத்தேன். கிராம்புச் சீசாவைத் திறந்தேன். அத்தர்காரன் கை எப்படிப் போகும்? சீசாவின் வாயில் விரலை வைத்துக் கவிழ்த்து, அவள் மணிக்கட்டில் ஒரு கீற்று, மூக்குக்குக் கீழே மேலுதட்டில் ஒரு கீற்று. பத்தொன்பது வருஷப் பழக்கம். யாரை உட்கார வைத்தாலும் அந்தக் கை அதைத்தான் செய்யும்.

"எரியுது மச்சான்."

"எரியட்டும், உள்ள போகுதுன்னு அர்த்தம்."

இரண்டு நிமிஷத்தில் அவள் கண்ணில் நீர் கொட்டியது. உதட்டுக்கு மேல் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். எண்ணெய்தானே, தண்ணீருக்கு அசையுமா? இன்னும் பரவியது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைச்சு எடுங்க. தோல்ல படக் கூடாதுன்னுதான் நான் சொல்ல வந்தேன், நீங்க கேட்டாத்தானே?" என்றார். துடைத்தோம். எரிச்சல் அடங்கியது. ஆனால் மறுநாள் காலையில் உதட்டுக்கு மேல் மீசை மாதிரி ஒரு சிவப்புக்கோடு.

"வாடதான் இல்ல, மூஞ்சியும் போச்சு" என்றவள், சீசாக்களைத் தூக்கிப் பரண்மேல் போடச் சொல்லிவிட்டாள்.

அன்று ராத்தொழுகைக்கு நான் அத்தர் பூசாமல் போனேன். அவ்வளவு வெட்கம். அதன் பிறகுதான் அந்தச் சீசாவின் மேல் ஒட்டியிருந்த பொடி எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன், டாக்டரம்மாவிடம் தனியாகப் போய் உட்கார்ந்து கேட்டேன், போனில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கம் போய்ப் பரவசம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் வாசனையை விற்றவன், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே இல்லை!

பழைய முறையில் செய்கிற அத்தர் என்பது, பூவின் ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்கிச் செய்வது. சந்தனம் அதைத் தாங்கிப் பிடித்துச் சாந்தமாக்கிவிடுகிறது. அதனால் தோலில் தடவலாம். இந்தத் தாவர எண்ணெய் அப்படியில்லை. இலையோ மொட்டோ பட்டையோ, கொப்பரையில் குவித்து நீராவியை ஏற்றுகிறார்கள். ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும்போது கொஞ்சம் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். அதுதான் சரக்கு. எலுமிச்சை மட்டும் பெரும்பாலும் தோலை நசுக்கிப் பிழிகிறதாம். ஒரு கூடைச் சரக்கு ஒரு சின்னச் சீசாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்றால், அதை நேராகத் தோலில் வைத்தால் கடிக்காமல் என்ன செய்யும்? தடவ வேண்டுமென்றால் ஒரு பெரிய கரண்டித் தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ சில சொட்டு போதும். அதையும் முழங்கை மடிப்பில் துளி வைத்து ஒருநாள் பார்த்துவிட்டுத்தான். எலுமிச்சையைப் பூசிக்கொண்டு நம் ஊர் வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். வாயில் ஊற்றவே கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது, கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கறுப்புக் கண்ணாடிச் சீசாவில், சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும்.

சும்மா முகர்வதற்கு இவ்வளவு சடங்கும் வேண்டாம். ஒரு துண்டுப் பஞ்சில் இரண்டு சொட்டு, அல்லது ஒரு கிண்ணம் வெந்நீரில் இரண்டு சொட்டு. நான் ஒரு சின்ன மின்சாரப் புகைக்குடுவையும் வாங்கிவிட்டேன். தண்ணீரில் சொட்டு விட்டால் குளிர்ந்த பனியாக ஊதும். கூடவே வாங்கிய லாவெண்டர் எண்ணெயை விட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோய் எதுவும் தீர்ந்ததாகச் சொல்லமாட்டேன். ஆனால் முன்கோபக்காரனான நான் அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆட்டை விரட்டவில்லை. சுவாசம் தானாக நீண்டது. அதற்குத்தான் இத்தனை பேர் இதன் பின்னால் அலைகிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிடி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வது போல ஆரம்பித்தேன். "நல்ல வாசனைக்கு மூணு அடுக்கு இருக்கு புள்ள. மேல ஒண்ணு, எலுமிச்ச மாதிரி, வந்த வேகத்துல ஓடிரும். நடுவுல ஒண்ணு, ரோசா மாதிரி, இருந்து பேசும். அடியில ஒண்ணு, சந்தனம், ஊது மாதிரி. மத்ததெல்லாம் போன பொறவும் அது போகாது. அடி தெரிஞ்சவனுக்குத்தான் வாசன தெரியும்."

"எனக்குத்தான் மேலயும் இல்ல, அடியும் இல்லையே" என்றாள். ஆனாலும் சிரித்தாள். சீசாக்கள் பரணிலிருந்து இறங்கின.

நாலு குழி உள்ள ஒரு பழைய அத்தர்ப்பெட்டியில் அவற்றை வரிசையாக நிறுத்தினேன். காலையில் சுபுஹுக்குப் பின், மாலையில் அஸருக்கு முன். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். பஞ்சில் சொட்டுவிட்டு நான் நீட்ட, அவள் கண்ணை மூடி முகர்வாள். நானும் கூடவே முகர்வேன். ஏழாவது வாரம் ஒரு காலை, ரோஜாப் பஞ்சை நீட்டுகிறேன், "ரோசா" என்றாள்! அடுத்ததை நீட்டினேன். "எலுமிச்ச." அடுத்தது "கிராம்பு." கடைசியும் சரி!

எனக்குத் தலைகால் புரியவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தியதில், என்ன வந்துவிட்டது என்று தெரியாமலே நாலு பேர் வாசலுக்கு வந்தார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். அவள் புது வீடு கட்டிக் குடிபோக இருந்தாள். "மச்சிதான் நெய்ச்சோறு, மச்சிதான் தால்சா" என்று அண்ணிக்காரியின் பெயரில் அங்கேயே முடிவாகிவிட்டது. வீடு திரும்பிச் சொன்னேன். என் மனைவி ஒரு கணம் பேசாமல் நின்றாள். பிறகு "சரி" என்றாள். அந்த ஒரு கணத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கிற நிலையில் நானா இருந்தேன்?

குடிபோகும் நாள். பெரிய சட்டியில் தால்சாப் பருப்புக் குழம்புக்கு வெங்காயம் வதங்குகிறது. இவள் அகப்பையோடு நிற்கிறாள். நான் பந்தலில் நின்று எல்லோருடைய புறங்கையிலும் அத்தர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று என் மூக்கில் கருகல் வாடை ஏறியது. திரும்பிப் பார்க்கிறேன், சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடுகிறார்கள். இவள் மட்டும் அந்தச் சட்டிக்கு மேலேயே குனிந்து, அமைதியாக, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"மச்சி, அடி புடிச்சிருச்சு!" என்று என் தங்கச்சி கத்தினாள்.

இவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.  செருப்பைக்கூடப் போடாமல் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நீதானே சொன்ன, நாலும் தெரியுதுன்னு?" நான் சத்தம் போட்டேன். கோபம்தான், மறைக்கவில்லை.

"எப்பவும் ஒரே வரிசைலதான் வைக்கிறீக. கண்ண மூடிட்டே சொல்லிருவேன்."

"ஏன் புள்ள அப்படிச் சொன்ன?"

"வெறுங்கையோட எத்தன நாள் உங்க மொகத்தப் பாக்க? ஒவ்வொரு தடவையும் பஞ்ச நீட்டிட்டுப் பிள்ள மாதிரி வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீக. ஒரு நாளாவது அந்த மொகத்தச் சந்தோசமாப் பாப்போமேன்னு சொல்லிட்டேன். நீங்க தெருவுல எறங்குவீகன்னு நான் கண்டேனா?"

என் கோபம் வந்த வழியே போய்விட்டது. அவளுக்காக நான் வைத்தியம் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள்தான் அத்தனை நாளும் என்னைச் சமாளித்திருக்கிறாள். அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அழுதது வெட்கத்தினாலா பிரியத்தினாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் முதல் முறை மாறியது. நான்கு சீசாவிலும் ஒரே மாதிரித் தாளைச் சுற்றி அடியில் மட்டும் பெயர் எழுதினேன். அவளே குலுக்கி எடுப்பாள், அவளே முகர்வாள். நான் முற்றத்துக் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்கக் கூடாது. "இல்ல." "இல்ல." "ஒண்ணுமில்ல." "இல்ல." அந்த நாலு சொல்லைக் கேட்பதுதான் என் காலையும் மாலையும். அஸருக்குப் பிறகு வழக்கம்போல வள்ளத்துக்குப் பின்னால் போய்விடுவேன்.

பிறகு ஒரு நாள் காப்பித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அதை அப்படியே கீழே வைத்தாள். "ரப்பரு கருகுற நாத்தம் நாறுது மச்சான்!" கருவாட்டுக் குழம்பும் ரப்பர், சோப்பும் ரப்பர், நாலு சீசாவும் ரப்பர். அவள் குமட்டிக்கொண்டு ஓடுகிறாள், நான் டாக்டரம்மாவுக்குப் போன் போடுகிறேன். "ரொம்ப நல்லதுங்க! மூக்கு நரம்பு முழிச்சுக்குது. கோணல்மாணலாத்தான் முதல்ல வரும். விடாம முகரச் சொல்லுங்க" என்றார். ரப்பர் நாற்றத்துக்குச் சர்க்கரை அள்ளி வாயில் போட்டுக்கொண்ட ஒரே மனுஷன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ஆனால் இந்த முறை தெருவில் இறங்கவில்லை.

நோன்புக்குப் பத்து நாள் இருந்தது. அன்று சாயங்காலம் கடற்கரையிலிருந்து வந்தேன். வழக்கம்போல வாயைக் கொப்பளித்து, கழுத்தில் ரோஜா அத்தர் பூசியிருந்தேன். சும்மா பழக்கதோஷம், யாருக்குத் தெரியப்போகிறது? அவள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போனேன். சுளகின் சத்தம் நின்றது.

"மச்சான், இங்கன வாங்க."

போனேன். சட்டையைப் பிடித்து என்னைக் குனிய வைத்தாள். கண்ணை மூடினாள். மெதுவாக, அரை நிமிஷம், சொல்லிக்கொடுத்தபடியே இழுத்தாள்.

"மேல வேர்வ" என்றாள். "நடுவுல ரோசா அத்தரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அடியில சிகரெட்டு."

  இந்த வரிசையை யாரும் அவளுக்கு அடுக்கி வைக்கவில்லை. இந்தச் சீசாவுக்குத் தாளும் இல்லை, பெயரும் இல்லை.

"ரப்பர் இல்லையே புள்ள? நல்லாப் பாரு!"

"இல்ல மச்சான். சிகரெட்டுதான். குடிச்சீகளா?"

"குடிச்சேன்!" என்று கத்தினேன். "ஆமா புள்ள, குடிச்சேன்! சத்தியமாக் குடிச்சேன்! அல்ஹம்துலில்லாஹ்!"

கையும் களவுமாகப் பிடிபட்டவன் இப்படிக் குதித்ததை எங்கள் தெரு பார்த்திருக்காது. அவள் சுளகை எடுத்து என் தோளில் ஒரு போடு போட்டாள், அரிசி முற்றமெல்லாம் சிதறியது. இன்னொரு போடு போடப் போனவள் அப்படியே நின்று, என் சட்டையில் முகத்தைப் புதைத்து, அந்த நாற்றத்தை மறுபடி மறுபடி இழுத்து இழுத்து அழுதாள். "தெரியுது மச்சான், தெரியுது, தெரியுது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எத்தன நாளா?"

"உனக்கு மூக்கு போன ரெண்டாம் மாசத்துலருந்து."

"அப்ப எனக்கு மூக்கு வரவேணாம்னு இருந்தீகளா?"

"வேணும்னுதானே புள்ள ரெண்டு வேளையும் பஞ்சத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்?"

 அவள் ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு போய், முன்பெட்டியிலிருந்து பாக்கெட்டை எடுத்துவந்து, கடைசியாக ஒரு தடவை முகர்ந்துவிட்டு அடுப்பில் போட்டாள். முதல் நோன்பன்று கஞ்சிப் பானையின் மூடியைத் திறந்து ஆவியை இழுத்தவள், "உப்பு சரியா இருக்கு, வெந்தயந்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள். நோன்பு திறந்து குடித்துப் பார்த்தேன். தூக்கலாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் சிகரெட்டைத் தொடவில்லை. மனம் திருந்திவிட்டேன் என்று பெருமை பேசமாட்டேன். வீட்டில் மூக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.